காத்திருக்காத வயிற்று வலி

(மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில், சிற்றாலய ஊழியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. கேட்டவர்கள் பலர் விரும்பியபடி இங்கே எழுத்தில் தருகிறோம்.)



 இந்தக் கூடுகையில் கட்டடத்தைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் பேசுவது வழக்கம். இந்த முறை ஒரே ஓர் அறையைப் பற்றி, அதிலும் அந்த அறைக்கு நடுராத்திரியில் கொண்டுவரப்படுகிற ஒரு வகை வியாதியஸ்தரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தோம். அது சி.டி. ஸ்கேன் அறை. அந்த வியாதியஸ்தர், திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலியோடு வருகிறவர்.

இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கிரேக்கம் கற்றுத் தந்தார்கள். தமனியையும் சிரையையும் கற்றுத் தரவில்லை. ஆகவே இங்கே சொல்லப்போவது எங்கள் வைத்தியர்களிடம் கேட்டும், அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குடும்பங்களோடு உட்கார்ந்திருந்தும் நாங்கள் அறிந்துகொண்டவை. சொல்ல வேண்டியது ஒன்றுதான். காத்திருக்கக்கூடிய வயிற்று வலிகள் பல உண்டு. காத்திருக்காத வயிற்று வலி ஒன்று உண்டு. அதை அடையாளம் காணவும், அதற்கு நேரம் தேடித் தரவும் உங்களால் முடியும்.

ஒரு தாயை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயது. கடற்கரைக் கிராமம். சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அதனால் இதய வால்வு சுருங்கிப்போனவர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு மாதமாக வாங்கவில்லை. ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின் திடீரென்று தொப்புளைச் சுற்றி வலி. வாந்தி. வீட்டில் வாயு என்கிறார்கள். ஓமத் தண்ணீர், சோடா, பிறகு தெருமுனை மருந்துக் கடையில் ஒரு மாத்திரை. பொழுது விடிகிறது.

இப்படி ஒருவர் வந்து படுக்கும்போது வைத்தியரைக் குழப்புவது என்ன தெரியுமா? அவர் வலியால் துடிக்கிறார், ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கிறது. குடல்வால் வீங்கியிருந்தால் தொட்ட இடத்தில் வலிக்கும். குடலில் ஓட்டை விழுந்திருந்தால் வயிறு பலகை போல இறுகிவிடும். இங்கே அப்படி ஒன்றுமில்லை. வலி மலையளவு, கைக்குத் தட்டுப்படுவது கடுகளவு. இந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம். அவசர அறுவை மருத்துவத்துக்கான உலகச் சங்கம் 2017இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதல் சொல்வதும் இதுவே: பரிசோதனையில் காணப்படுவதற்கு மிஞ்சிய கடும் வலி இருந்தால், வேறு என்று நிரூபணமாகும்வரை குடலுக்கு ரத்தம் நின்றுபோயிற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும்; தாமதமின்றி ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்.

குடலுக்கு ரத்தம் எப்படிப் போகிறது? பாகூர் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. இதயத்திலிருந்து இறங்குகிற பெருந்தமனி பெரிய வாய்க்கால். வயிற்றில் அதன் அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். அதிலிருந்து முன்பக்கமாக மூன்று கிளைகள் பிரிகின்றன. முதலாவது கல்லீரல், இரைப்பை, மண்ணீரலுக்கு. இரண்டாவது ஏறக்குறையச் சிறுகுடல் முழுவதற்கும் பெருங்குடலின் முதற்பாதிக்கும். மூன்றாவது மிஞ்சிய பெருங்குடலுக்கு. இரண்டாவது கிளைக்கு மேல் மெசென்டெரிக் தமனி என்று பெயர். கிரேக்கத்தில் மெசோஸ் என்றால் நடு, என்டெரான் என்றால் குடல். செமினரியில் கற்றது ஒரு சொல்லுக்காவது உதவியது. இந்தக் கிளை பெருந்தமனியிலிருந்து சாய்வாக, கீழ்நோக்கிப் பிரிவதால், இதயத்திலிருந்து புறப்பட்ட ஒரு ரத்தக்கட்டி நேராக இதற்குள் போய் அடைத்துக்கொள்வது சுலபம். மதகு அடைபட்டால் கடைமடை வயல் முதலில் வாடும். குடலிலோ உள்சுவரின் மெல்லிய படலம் முதலில் சாகத் தொடங்குகிறது. ரத்தம் முழுவதும் நின்றுபோனால் சுமார் ஆறு மணி நேரத்தில் சுவர் முழுவதும் திரும்பப் பிழைக்காத நிலைக்குப் போய்விடும். கண்டுபிடிப்பதில் ஒவ்வோர் ஆறு மணி நேரத் தாமதமும் மரண அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது என்று அதே வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. இத்தனை வசதி வந்த பிறகும் இந்த வியாதி கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைப்பதில்லை.

வயிற்றின் ரத்தக்குழாய்களில் திடீரென்று நேரிடும் ஆபத்து இது ஒன்று மட்டுமல்ல. குடலுக்கு ரத்தம் நிற்பதில் ஏறத்தாழப் பாதி, நாம் சொன்னதுபோல் எங்கிருந்தோ ஓடிவந்த ரத்தக்கட்டியால். கால்வாசி, புகைபிடித்தும் சர்க்கரை வியாதியாலும் ஏற்கெனவே குறுகிப்போன தமனி அந்த இடத்திலேயே அடைத்துக்கொள்வதால்; இவர்களுக்குப் பல மாதங்களாகவே சாப்பிட்டவுடன் வயிறு வலித்திருக்கும், சாப்பிடப் பயந்து மெலிந்திருப்பார்கள். சிலருக்குக் குழாய் அடைபடாமலே, வேறு கடும் நோயில் ரத்த ஓட்டம் தளர்ந்து குடல் வாடுகிறது. இன்னும் சிலருக்கு அடைப்பு தமனியில் அல்ல, ரத்தம் திரும்பிவரும் சிரையில். இவர்கள் வயதில் இளையவர்களாகவும் இருப்பார்கள். வலி மெதுவாக, சில நாட்களாக ஏறிக்கொண்டே வரும்.

இன்னொரு பக்கம், அடைப்புக்குப் பதிலாக வெடிப்பு. பெருந்தமனியின் சுவர் பலவீனப்பட்டு பலூன்போல் வீங்குகிறது. 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கு அனூரிசம் என்று பெயர். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை எட்டினால், வெடிக்கும் முன்னே சரிசெய்ய ஆலோசனை சொல்வார்கள். வெடிக்கும்போது முதுகிலும் விலாவிலும் வருகிற வலியைச் சிறுநீரகக் கல் என்று எண்ணிவிட இடமுண்டு. நம்முடைய ஊரில் மறைக்காமல் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. மது, கணையத்தை அழற்சியாக்குகிறது. கணையத்திலிருந்து கசியும் நீர் பக்கத்தில் ஓடுகிற மண்ணீரல் தமனியின் சுவரையே அரித்து, அங்கே பொய்யான ஒரு வீக்கத்தை உண்டாக்கும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாலிபன் சில வாரங்களில் ரத்த வாந்தியோடு திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரியமானவர்களே, இவை எல்லாவற்றையும் வெறும் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த காலம் வெகு நீளமானது. இந்தப் பட்டணத்தில் மருத்துவம் கற்பிப்பது புதிதல்ல. 1823இல் பிரெஞ்சுக்காரர் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள்; இன்று கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மரின் வேர் அதுதான். பாரிசில் லென்னெக் என்ற வைத்தியர் 1816இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. கையும், காதும், அந்தக் குழலும்: அன்றைய மாணவர்களுக்கு இருந்தது அவ்வளவே. 1895இல் ரோன்ட்கென் எக்ஸ்ரேயைக் கண்டபோது எலும்பு தெரிந்தது. ஆனால் ரத்தமும் தசையும் குடலும் ஒரே சாம்பல் நிறமாகவே நின்றன. 1953இல் சுவீடன் நாட்டு செல்டிங்கர் காட்டிய வழியில், தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திச் சாய மருந்திட்டுப் படமெடுக்க முடிந்தது. ஆனால் அதற்குத் தேர்ந்த கையும் தயாரான அறையும் வேண்டும். நடுராத்திரியில் எல்லா இடத்திலும் கிடைக்காது. வயிற்றைத் திறந்து பார்ப்பதே பல இடங்களில் கடைசி வழியாக இருந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரின் முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940இல் இங்கிருந்த பிரெஞ்சு நிர்வாகம், லண்டனிலிருந்து போராடிய தெ கோலின் பக்கம் சேர்ந்தது. அந்த சார்ல் தெ கோல், பிற்பாடு பிரான்சின் ஜனாதிபதி, 1970 நவம்பர் 9ஆம் தேதி மாலை கொலோம்பே கிராமத்தில் தம் வீட்டில் சீட்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார். திடீரென்று முதுகில் வலி என்றார், சாய்ந்தார், சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. எண்பதாவது பிறந்த நாளுக்கு இரண்டு வாரமும் இல்லை. வயிற்றுப் பெருந்தமனி வீங்கி வெடித்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. ஒரு தேசத்தின் தலைவராயிருந்தவருக்கும் உள்ளே இருந்ததை முன்கூட்டிப் பார்க்க எளிய வழி அன்று இல்லை.

அவர் இறந்து பதினொரு மாதம் முடிவதற்குள், 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலையை முதல்முறையாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்த இயந்திரத்தை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் வேலை பார்த்த நிறுவனம் இ.எம்.ஐ. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் கடன் தவணைதான் ஞாபகம் வரும். ஆனால் உங்களில் மூத்தவர்கள் அதை வேறு விதத்தில் அறிவீர்கள். குழாய்க்கு முன் நாய் உட்கார்ந்திருக்கிற படம் போட்ட இசைத்தட்டுகள் அந்த நிறுவனத்தினுடையவை. ஹவுன்ஸ்ஃபீல்டு மின் பொறியாளர். 1979இல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலன் கார்மாக் இயற்பியல் அறிஞர். இருவருமே வைத்தியர்கள் அல்ல. ஆஸ்பத்திரிக்குச் செய்யும் ஊழியம் வைத்தியர்களால் மட்டும் நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆனால் தலை அசையாமல் இருக்கும். வயிறு மூச்சுக்கு மூச்சு அசையும். ஒரு துண்டுப் படத்துக்கே சில நிமிடங்கள் எடுத்த அந்த முதல் இயந்திரத்தால் வயிற்றின் ரத்தக்குழாய்களைப் பார்க்க இயலாது. 1989 வாக்கில், படுக்கை நகர்ந்துகொண்டே இருக்க, எக்ஸ்ரே குழல் நிற்காமல் சுற்றிச் சுற்றி எடுக்கும் முறை வந்தது. 1998இல் ஒரு சுற்றில் நான்கு துண்டுகள் எடுக்கும் இயந்திரங்கள் வந்தன. பிறகு பதினாறு, அறுபத்து நான்கு என்று பெருகின. இன்று வயிறு முழுவதையும் ஒரே மூச்சடக்கலில், சில விநாடிகளில் எடுத்துவிடுகிறார்கள்.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறோம். கையிலுள்ள சிரையில் அகலமான ஊசி ஒன்று. முதலில் மருந்தில்லாமல் ஒரு படம். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் இதில் சற்று வெளுத்துத் தெரியும். பிறகு அயோடின் கலந்த சாய மருந்து விநாடிக்கு நான்கைந்து மில்லி வீதம் விசைக் கருவியால் செலுத்தப்படுகிறது. உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும். வியாதியஸ்தர்கள் பயப்படுவது இங்கேதான். சுமார் அரை நிமிடத்தில் மருந்து தமனிகளை நிரப்பும்போது ஒரு படம். ஒரு நிமிடத்துக்குச் சற்றுப் பின், அது சிரைகளுக்குத் திரும்பும்போது இன்னொரு படம். அவ்வளவே. இந்த அவசரத்தில், குடிக்கும் சாய மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருப்பதில்லை.

படத்தைப் பார்ப்பவர் வாசிப்பது இதைத்தான்: வெள்ளையாக ஒளிர வேண்டிய தமனி நடுவிலே கறுத்து நிற்கிறதா? குடல் சுவர் சாய மருந்தை ஏற்றுக்கொண்டதா, வாடிக் கிடக்கிறதா? சுவருக்குள்ளோ கல்லீரலின் சிரையிலோ காற்றுக் குமிழி இருக்கிறதா? சிரையில் கட்டி நிற்கிறதா? பெருந்தமனிக்கு வெளியே ரத்தம் தேங்கியிருக்கிறதா? பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், குடலுக்கு ரத்தம் நின்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 93 பேரை இந்த ஸ்கேன் சரியாகக் காட்டிக்கொடுக்கிறது. எந்த ரத்தப் பரிசோதனையும் தனியாக இவ்வளவு செய்வதில்லை. அல்ட்ராசவுண்டு பெருந்தமனி வீக்கத்தையும் பித்தப்பைக் கல்லையும் நன்றாகக் காட்டும். ஆனால் வாயு நிறைந்த குடலுக்குள் ஒலி ஊடுருவாது.

தெரிந்துகொள்வது எதற்காக? ஏனென்றால் வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு. தமனியில் கட்டியென்றால் அதை உடனே எடுக்க வேண்டும்; செத்துப்போன குடலை வெட்டி நீக்க வேண்டும். சிரையில் கட்டியென்றால், குடல் உயிரோடிருக்கிறவரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தே பலருக்குப் போதும். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. கணையத்தின் பக்கத்துப் பொய் வீக்கத்தை, தொடை வழியாகக் குழாய் செலுத்தி, சிறு கம்பிச் சுருள்களால் அடைத்துவிடலாம். பெருந்தமனி வீக்கத்துக்கு உள்ளிருந்தே குழாய் உறை பொருத்தும் முறையை 1990இல் அர்ஜென்டினாவில் பரோடி என்ற வைத்தியர் செய்து காட்டினார்; அந்த உறைக்கு அளவெடுப்பதும் சி.டி. படத்திலிருந்துதான். இன்னுமொன்று: இங்கிருந்து சென்னைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். ஆம்புலன்சில் மூன்று மணி நேரம் என்றால், ஆறு மணி நேரத்தில் பாதி சாலையிலேயே போயிற்று. யார் போக வேண்டும், யார் இங்கேயே தங்கலாம், யாரை அடுத்த நிமிடமே அறுவை அறைக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதை அந்தப் படம் தீர்மானிக்கிறது.

இந்த ஸ்கேனுக்கும் தீங்குகள் உண்டு. கதிர்வீச்சு உண்டு, சாய மருந்து சிலருக்கு ஒவ்வாது, பழுதான சிறுநீரகத்துக்கு அது பாரமாகலாம். ஆகவே சாதாரண வயிற்று வலிக்கெல்லாம் சி.டி. எடுக்கச் சொல்லி வைத்தியரை வற்புறுத்தாதீர்கள். அதே சமயம், குடல் செத்துக்கொண்டிருக்கிறது என்ற பலத்த சந்தேகம் இருக்கும்போது, சிறுநீரகத்தைப் பற்றிய பயத்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே இன்றைய ஆலோசனை. தவறவிடுவதன் ஆபத்து மருந்தின் ஆபத்தைவிடப் பெரிது.

இனி எங்கள் வாசற்படிக்கு வருவோம். படம் எடுக்கச் சில விநாடிகள் போதும் என்றோம். அப்படியானால் மணிக்கணக்கு எங்கே போகிறது? மூன்று இடங்களில் போகிறது. வீட்டில், வாயு என்றும் அஜீரணம் என்றும் சொல்லிக்கொண்டு. வழியில், ஊசி போட்டு வலியை அடக்கி, காலையில் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு. கடைசியாக எங்கள் திண்ணையில். அங்கே நாங்கள் அடிக்கடி கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு: “பெரியவன் வரட்டும் ஐயா, அவன் வந்துதான் முடிவு சொல்லணும்.” பெரியவன் திருப்பூரில் வேலை செய்வான், பஸ் பிடித்திருப்பான். அந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பது அநேகமாகப் பணம். கையெழுத்துக்குப் பயப்படுகிறதாகத் தோன்றுகிறவர்கள், தொகையைக் கேட்கத்தான் பயப்படுகிறார்கள். அந்த வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெபிப்பதோடுகூட, “ஸ்கேன் இப்போதே நடக்கட்டும்மா, கணக்கை நாளைக்குப் பேசிக்கொள்வோம்” என்று சொல்ல முடிகிறதென்றால், அந்த வார்த்தைக்கு ஈடாக நிற்பது உங்கள் காணிக்கை.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஏழை வியாதியஸ்தர் நிதிக்குக் கொடுக்கிறவர்கள், அதில் ஒரு பங்கை அவசர ஸ்கேனுக்கென்று குறித்துக் கொடுங்கள். இயந்திரம் வாங்கக் கொடுத்தால் சுவரில் பெயர்ப்பலகை இருக்கும். இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து படமெடுக்கிற டெக்னீஷியனுக்கும், படத்தை வாசிக்கிற வைத்தியருக்கும், மின்சாரம் போனாலும் இயந்திரத்தை நிற்கவிடாத பாட்டரிகளுக்கும் பெயர்ப்பலகை கிடையாது. பகலில் மட்டும் ஓடுகிற ஸ்கேன், நாம் சொன்ன அந்தத் தாய்க்கு உதவாது.

இரண்டாவது, ஸ்கேன் அறைக்கே வராமல் தடுக்கிற மலிவான உதவி ஒன்று உண்டு. இதய வால்வுப் பழுதும் தாறுமாறான நாடித்துடிப்பும் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. உங்கள் சபையில் அப்படிப்பட்டவர்கள் யார் என்று மாதர் சங்கத்தார் அறிவார்கள். மாதத்துக்கு ஒருமுறை, மாத்திரை இருக்கிறதா, ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று விசாரியுங்கள். புகைபிடித்த, அறுபத்தைந்து வயது கடந்த ஆண்கள், பெருந்தமனி வீக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொள்ளலாமா என்று தங்கள் வைத்தியரைக் கேட்கலாம்.

மூன்றாவது, இந்த அடையாளங்களை வீட்டில் சொல்லிவையுங்கள். திடீரென்று வந்த கடும் வயிற்று வலி. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கூட இருக்கலாம். இதய நோய், நாடிக் கோளாறு, நெடுநாள் புகைப்பழக்கம், முன்பு எங்காவது ரத்தம் உறைந்த சரித்திரம். அல்லது வயதானவருக்கு முதுகிலும் வயிற்றிலும் திடீர் வலியோடு மயக்கம், வியர்வை. அல்லது கணைய நோய்க்குப் பின் ரத்த வாந்தி, கறுத்த மலம். இவற்றில் ஒன்றைக் கண்டால் ஓமத் தண்ணீரைத் தேடாதீர்கள், பெரியவனுக்காகக் காத்திராதீர்கள். 108ஐ அழையுங்கள். போகும்போது வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று தெரியாவிட்டால் மாத்திரைப் பையையே கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.

எல்லாரையும் காப்பாற்றிவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சரியான நேரத்தில் படமெடுத்தும், தேர்ந்த கைகள் அறுவை செய்தும் இழந்தவர்களின் படுக்கை அருகிலும் நாங்கள் நின்றிருக்கிறோம். அப்போதும் அந்தக் குடும்பத்துக்கு ஒன்று மிஞ்சுகிறது: என்ன வியாதி என்று தெரிந்தது, செய்ய வேண்டியது செய்யப்பட்டது. ஆனால் பணமில்லை என்பதற்காக, நேரமாகிவிட்டது என்பதற்காக, என்னவென்றே தெரியாமல் இழந்தவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அப்படி ஒரு குடும்பமும் எங்கள் வாசலிலிருந்து திரும்பக் கூடாது என்பதே இந்த ஆண்டு உங்கள் முன் நாங்கள் வைக்கிற விண்ணப்பம்.